“ஃபைலைக் காணோம்” என்று சொன்ன கணினிகள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மதுரை சர்வீஸ்காரர்:

வீடு வீடாகப் போய் கணினி பழுது பார்ப்பது என் தொழில். “ஏதோ ஃபைல் மிஸ்ஸிங்னு வருது சார்” என்று போன் வந்தால், எந்த ஃபைல் என்று நான் உடனே கேட்பதில்லை. எப்போது வருகிறது என்றுதான் கேட்பேன். விண்டோஸ் சின்னம் வருவதற்கு முன்பே கறுப்புத் திரையிலா, டெஸ்க்டாப் வந்த பிறகா, ஒரே ஒரு புரோகிராமைத் திறக்கும்போது மட்டுமா? இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஃபைல் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பல சமயம் ஊர் சுற்ற வேண்டியதுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எனக்கு அதிகம் சோறு போட்டது “என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்” என்ற வரி. என்டிஎல்டிஆர் என்பது விண்டோஸைக் கிளப்பிவிடும் ஃபைல். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் வீட்டில் இதே வரி. மகள் கல்யாணப் போட்டோ எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்கில்தான். அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் “ஃபார்மட் அடிச்சாதான் ஆகும் அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். வீட்டம்மா அழாத குறை. சிபியூவை மேசைக்கு அடியிலிருந்து இழுத்துத் திருப்பினால், பின்பக்க யுஎஸ்பியில் கந்த சஷ்டி பாட்டு ஏற்றிய பென்டிரைவ் ஒன்று. அதைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்ததும் விண்டோஸ் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். பயாஸ், அதாவது ஆன் செய்ததும் மதர்போர்டில் ஓடும் நிரல், முதலில் எந்த டிரைவைப் பார்க்கிறதோ அதிலிருந்துதான் கணினி கிளம்பும். எக்ஸ்பியில் ஃபார்மட் செய்த பென்டிரைவின் முதல் செக்டாரிலேயே (செக்டார் என்றால் டிரைவின் ஒரு சின்னத் துண்டு) “என்டிஎல்டிஆரைத் தேடு” என்ற சின்ன நிரல் இருக்கும். பென்டிரைவில் அந்த ஃபைல் ஏது? காணோம் என்று சொல்லி நின்றுவிடும். ஹார்ட் டிஸ்கில் அது பத்திரமாகத்தான் இருக்கும். பென்டிரைவே இல்லாமல் இந்த வரி வந்தால் கேபிளைப் பார்ப்பேன், அப்புறம் மதர்போர்டு பேட்டரியை. அந்த ரூபாய்க் காசு சைஸ் பேட்டரி தீர்ந்துபோனால் பயாஸ் தன் அமைப்பை மறந்து, டிரைவ் வரிசையையும் மாற்றிவிடலாம். தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

“ஹால் டிஎல்எல் மிஸ்ஸிங் ஆர் கரப்ட்” என்பதும் இந்த ரகம்தான். டிஎல்எல் என்பது புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் ஃபைல். சிஸ்டம்32 ஃபோல்டரில் அந்த ஃபைல் இருக்கும். விண்டோஸ் டிஸ்கின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று சொல்லும் பூட்.ஐஎன்ஐ ஃபைல் தவறான பகுதியை (பார்ட்டிஷனை) காட்டிக்கொண்டிருக்கும். யாரோ புதிதாக ஒரு பார்ட்டிஷன் போட்டிருப்பார்கள். எக்ஸ்பி சிடியில் ரெக்கவரி கன்சோலுக்குப் போய் பூட்சிஎஃப்ஜி ரீபில்டு என்ற கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து என்டிஎல்டிஆரின் இடத்துக்கு ‘பூட்எம்ஜிஆர்’ வந்தது, நாடகம் மாறவில்லை.

உங்களுக்கு எப்படி?

ஜாதகக் கடை, விருதுநகர் பக்கம்:

அண்ணே, எங்க கதை மூன்றாவது ரகம். அப்பா பல வருஷமாக ஒரு ஜாதக மென்பொருளில்தான் கட்டம் போடுவார். பழைய கணினி படுத்துவிட்டது. புதிதாக விண்டோஸ் 10 இயந்திரம் வாங்கினோம். இன்ஸ்டால் சிடி கிடைக்கவில்லை என்று அந்த ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் எடுத்து வந்து போட்டார்கள். திறந்தால் “எம்எஸ்காம்சிடிஎல் ஓசிஎக்ஸ்… எ ஃபைல் இஸ் மிஸ்ஸிங் ஆர் இன்வேலிட்” என்று ஒரு பெட்டி. வெளியே பெஞ்சில் பொருத்தம் பார்க்க இரண்டு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, அப்பா பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்தக் கால விஷுவல் பேசிக் 6 என்ற நிரல்மொழியில் எழுதிய புரோகிராம்கள் பலவற்றுக்கு இந்த ஓசிஎக்ஸ் என்ற துணை ஃபைல் வேண்டும். முறையாக இன்ஸ்டால் செய்திருந்தால் இன்ஸ்டாலரே அதைக் கொண்டுவந்து வைத்து, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் பதிந்திருக்கும். ஃபோல்டரைக் காப்பி அடித்தால் அந்த வேலை நடக்காது. விண்டோஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் மாட்டி, அதன் சிஸ்டம்32-லிருந்து அந்த ஓசிஎக்ஸை எடுத்தோம். புதியதிலும் சிஸ்டம்32-ல் போட்டுப் பார்த்தால் வேலைக்கு ஆகவில்லை. அந்தப் பழைய புரோகிராம் 32 பிட் ரகம். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் 64 பிட் ஃபைல்கள் இருக்கும், சிஸ்வவ்64 என்ற ஃபோல்டரில்தான் 32 பிட் ஃபைல்கள் இருக்கும். பெயர் வைத்தவரை என்ன சொல்வது! சிஸ்வவ்64-ல் போட்டு, அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் அதைப் பதியும் ரெக்எஸ்விஆர்32 கட்டளை கொடுத்ததும் ராசிக் கட்டம் வந்தது.

ஓய்வுபெற்ற டீச்சர், திருச்சி:

சார், எனக்கு கணினி சரியாகத்தான் ஓடுகிறது. ஆனால் தினமும் திறந்தவுடன் ‘ரன்டிஎல்எல்’ என்று தலைப்புப் போட்ட ஒரு பெட்டி வருகிறது. ஏதோ ஒரு டிஎல்எல் கிடைக்கவில்லை என்கிறது. பெயரைப் பார்த்தால் எழுத்துகளை அள்ளித் தெளித்த மாதிரி இருக்கிறது, அர்த்தமே இல்லை. ஓகே கொடுத்தால் போய்விடும். மறுநாள் காலையில் மறுபடி வந்து நிற்கும். அந்த ஃபைலை எங்காவது வாங்கிப் போட வேண்டுமா?

மதுரை சர்வீஸ்காரர்:

வேண்டவே வேண்டாம் டீச்சர். அந்த ஃபைல் இல்லாமல் போனதே நல்லது. உங்கள் ஆன்டிவைரஸ் சமீபத்தில் எதையாவது அழித்ததா பாருங்கள். பெரும்பாலும் கதை இப்படித்தான் இருக்கும்: வைரஸ் ஃபைலை அது அழித்துவிட்டது, ஆனால் “திறந்தவுடன் இதை ஓட்டு” என்று வைரஸ் எழுதிவைத்த குறிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆள் காலி செய்த வீட்டுக்குப் பால்காரர் தினமும் வந்து மணி அடிப்பது மாதிரி.

மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே ‘ஆட்டோரன்ஸ்’ என்ற இலவசக் கருவி கிடைக்கும். திறந்தவுடன் தானாக ஓடுபவற்றைப் பட்டியல் போடும். ஃபைல் இல்லாத பதிவுகளை அது மஞ்சள் நிறத்தில் காட்டும். பெட்டியில் வந்த அதே பெயர் இருக்கும் வரியில் டிக்கை மட்டும் எடுங்கள், அழிக்காதீர்கள். மஞ்சளாக இருக்கிறதே என்று மற்றவற்றையும் தொட வேண்டாம். மறுபடி ஆன் செய்யும்போது பெட்டி வராது. அதற்கு முன் ஒரு முறை முழு ஸ்கேன் ஓட்டிவிடுங்கள்.

முன்னாள் பிரவுசிங் சென்டர்:

அழிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. 2002-ல் ஒரு மின்னஞ்சல் ஊரெல்லாம் சுற்றியது. கரடி பொம்மை ஐகானோடு ஒரு ஃபைல் இருக்கிறது, அது வைரஸ், உடனே அழித்துவிட்டு எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று. தேடினால் கரடி எல்லா இயந்திரத்திலும் இருக்கும்! அது விண்டோஸோடு வந்த ஜாவா டீபக்கர், அதாவது ஜாவா நிரலில் பிழை தேட உதவும் கருவியின் ஃபைல். அழித்தவர்களில் பலருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அது ஜாவா எழுதுபவர்களுக்கு மட்டும்தான் தேவை. நானே ஆளாளுக்கு விளக்கம் சொல்லி ஓய்ந்துபோனேன்.

கல்லூரி மாணவர், கோவை:

ஹாஸ்டலில் கேம் போடுகிற எல்லோருக்கும் “எம்எஸ்விசிபி140 டிஎல்எல் வாஸ் நாட் ஃபவுண்ட்” தெரியும். ரூம்மேட் ஒருத்தன் அந்தப் பெயரைத் தேடி, இலவச டிஎல்எல் தருகிற ஒரு தளத்தில் இறக்கினான். கூடவே ஒரு ‘கிளீனர்’ இறங்கி, பிரவுசரின் முகப்புப் பக்கமே மாறிவிட்டது. ஃபைலைப் போட்டதும் பழைய எரர் போய் 0எக்ஸ்சி000007பி என்று புதிதாக ஒன்று. 64 பிட் கேமுக்கு 32 பிட் ஃபைல் மாட்டினால் இப்படி வரும்.

அந்த ஃபைல் தனியாக வருவதில்லை அண்ணா. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பில் வரும். எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் போட்டுவிட்டால் நிம்மதி. பழைய கேமில் டி3டிஎக்ஸ்9_43 என்ற டிஎல்எல்லைக் கேட்டால், 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் (கேம் கிராஃபிக்ஸுக்கான மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) தொகுப்பு. “என்னிடம் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே” என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் அந்தப் பழைய ஃபைல்கள் அதோடு வராது.

மதுரை சர்வீஸ்காரர்:

தம்பி சொன்னது சரி. டிஎல்எல் தளங்களின் புண்ணியத்தில் எனக்கு வந்த வேலை கொஞ்சமல்ல.

நிஜமாகவே சிஸ்டம் ஃபைல் கெட்டுப்போவதும் உண்டு. 2012 மின்வெட்டுக் காலத்தில் நிறையப் பார்த்தேன். யுபிஎஸ் பேட்டரி செத்திருக்கும், அப்டேட் பாதியில் ஓடும்போது கரண்ட் போயிருக்கும். அதற்கு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ், கெட்ட சிஸ்டம் ஃபைலைத் தேடி நல்ல பிரதியை வைக்கும் விண்டோஸ் கட்டளை. விண்டோஸ் 8-க்கு மேல் என்றால் முதலில் டிஐஎஸ்எம் ரெஸ்டோர்ஹெல்த் என்ற கட்டளை, அப்புறம் எஸ்எஃப்சி. எஸ்எஃப்சி எந்தக் கையிருப்பிலிருந்து நல்ல பிரதி எடுக்கிறதோ, அந்தக் கையிருப்பையே சரிசெய்வது டிஐஎஸ்எம். அதுவே கெட்டிருந்தால் எஸ்எஃப்சியை எத்தனை முறை ஓட்டியும் பயனில்லை. டிஐஎஸ்எம் நடுவில் ஒரே இடத்தில் நின்ற மாதிரி தெரியும். கட்டளை ஓடும் அந்த விண்டோவை மூடிவிடாமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

சரிசெய்த பிறகும் கொஞ்ச நாளில் வேறொரு ஃபைல் காணோம் என்றால் விண்டோஸை விட்டுவிட்டு டிஸ்கைப் பாருங்கள். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் மஞ்சளாக ‘காஷன்’ என்று வந்து, ரீஅலோகேட்டட் (கெட்டு மாற்றப்பட்ட) அல்லது பெண்டிங் (சந்தேகத்துக்குரிய) செக்டார் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க் போகிற வழியில் இருக்கிறது. இங்கே நிறையப் பேர் உடனே டிஸ்கில் கெட்ட இடங்களைத் தேடும் செக்டிஸ்க் ஆர் கட்டளையை ஓட்டச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தேய்ந்த டிஸ்கை முழுக்கப் படிக்க வைத்தால் அந்த ஓட்டத்திலேயே படுத்துவிடலாம். முதலில் போட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் ஓட்டுங்கள்.

விருதுநகர் தம்பி, அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் இன்னும் கையில் இருந்தால் அப்பாவின் வாடிக்கையாளர் ஜாதகங்களையும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். பெரும்பாலும் அதே மென்பொருள் ஃபோல்டருக்குள்தான் ஒரு எம்டிபி ஃபைலாக (தகவல்களைச் சேமிக்கும் ஃபைல்) இருக்கும்.