வங்கி நோட்டீஸ் வந்த அன்று, எங்கள் குடும்பக் குழுவில்

அண்ணன்: சித்தப்பா, வங்கியிலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. நாலு மாசமாக வீட்டுக்கடன் தவணை கட்டவில்லை.

அத்தை: ஐயோ! இத்தனை நாள் ஏன்டா சொல்லவில்லை? வீட்டைப் பூட்டிவிடுவார்களா?

சித்தப்பா: பதறாதீங்க அக்கா. தம்பி, அதில் பிரிவு 13(2) என்று இருக்கிறதா?

அண்ணன்: இருக்கிறது. 60 நாளில் மொத்தக் கடனையும் கட்டச் சொல்கிறார்கள்.

சித்தப்பா: அது 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டம். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன். அப்புறம் வழக்கே போடாமல் வீட்டை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் உண்டு. கோர்ட் சம்மன் வரட்டும் என்று இருந்துவிடாதே.

அண்ணி: மாமா, என் நகையை வைத்து ஒரு தவணை கட்டினால் நிற்குமா?

சித்தப்பா: நிற்காதும்மா. இதுவரை கட்டாமல் நின்ற தவணை நிலுவை முழுவதும், அசல் வட்டி இரண்டும், தீர்ந்தால்தான் வாராக்கடனிலிருந்து கணக்கு வெளியே வரும். மொத்த நிலுவை எவ்வளவு என்று எழுதி வாங்காமல் நகையைத் தொடாதே.
தம்பி, நோட்டீசுக்கு எழுத்தில் பதில் கொடு. வேலை போனது, இனி மாசம் எவ்வளவு கட்ட முடியும், எல்லாம் எழுது. தவணைக் காலத்தை நீட்டிக் கேள். வங்கி அதை ஏற்காவிட்டால் 15 நாளில் காரணம் சொல்லியாக வேண்டும்.

தங்கை: 60 நாள் தாண்டினால் என்ன ஆகும் சித்தப்பா?

சித்தப்பா: வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது என்ற சுவாதீன நோட்டீசைக் கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழில் போடுவார்கள், ஒன்று தமிழில். அதிலிருந்து 45 நாளுக்குள் வங்கிக் கடன் வழக்குகளைப் பார்க்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போய் அதை எதிர்க்கலாம். ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் முழுக்கடனையும் செலவோடு கட்டினால் வீடு நமக்கு. வெளியாகிவிட்டால் அந்த உரிமை போச்சு. ஏலத்தில் கடன் போக மிஞ்சினால் நமக்குத் தர வேண்டும். குறைந்தால் மிச்சத்தையும் நம்மிடம்தான் கேட்பார்கள்.

அத்தை: ஏலத்துக்கு விடுவதற்கு நாமே நல்ல விலைக்கு விற்றுவிடலாமே?

சித்தப்பா: விற்கலாம் அக்கா, ஏலத்தைவிட அதுதான் மேல். ஆனால் இந்த நோட்டீஸ் வந்த பிறகு வங்கி எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.

அண்ணி: நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு வசூல் ஆள் போன் செய்து கத்தினார் மாமா. பிள்ளை பயந்துவிட்டான்.

சித்தப்பா: காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது, அது ரிசர்வ் வங்கி விதி. நம்பரையும் நேரத்தையும் குறித்து வைம்மா, புகார் எழுதுவோம்.

அண்ணன்: நாளைக்குக் கிளைக்குப் போகிறேன். கூட வருவீர்களா?

சித்தப்பா: கேட்க வேண்டுமா? பத்து மணிக்கு வருகிறேன். கணக்கு ஸ்டேட்மென்ட், வேலை போன கடிதம், நோட்டீஸ் வந்த உறை, மூன்றையும் எடுத்து வை. உறையில் தபால் முத்திரை தேதி இருக்கும், கிழித்துப் போட்டுவிடாதே.