புதுப்பிப்பு: அந்தக் கிணற்று எதிரொலி

போன வாரம் ஒரு டூ-வாப் பாட்டை (பல குரல்கள் இசைந்து பாடும் 1950களின் அமெரிக்கப் பாணி) பகிர்ந்து, கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி ஏன் ஒலிக்கிறது என்று கேட்டிருந்தேன். ஃபைவ் சாட்டின்ஸ் குழு பாடிய ‘இன் த ஸ்டில் ஆஃப் த நைட்’. விடை கிடைத்துவிட்டது. 1956இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், செயின்ட் பெர்னடெட் தேவாலயத்தின் நிலவறையில் பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்டூடியோவே இல்லை! எழுதி முன்னணியில் பாடிய ஃப்ரெட் பாரிஸ் அப்போது ராணுவத்தில் இருந்தவர். இரவுக் காவலில் நிற்கும்போது எழுதினாராம். அப்புறம் ஒரு வேடிக்கை: இது இசைத்தட்டின் பி பக்கத்தில், அதாவது பின்பக்கத்தில்தான் முதலில் வந்தது. ஏ பக்கத்துப் பாட்டை இன்று யார் கேட்கிறார்கள்?

நேற்று ஹெட்ஃபோன் மாட்டி மறுபடி கேட்டேன். “ஷூ-டூ, ஷூபி-டூ” முடிந்து சாக்சஃபோன் நுழையும் இடத்தில் அந்தச் சுவர்களே கூடப் பாடுகின்றன.

அடுத்து 1954இன் ‘ஷ்-பூம்’. கார்ட்ஸ் குழு பாடிய அசல்தான், க்ரூ-கட்ஸ் குழு பின்னர் பாடிய பதிப்பு அல்ல.