விண்டோஸ் 11 போட்டதும் 2 டிபி ஹார்டுடிஸ்க் காணோம், உள்ள கல்யாண போட்டோ இருக்கு, உதவுங்க

தாராசுரம்_ஸ்டுடியோ:
எல்லாருக்கும் வணக்கம். சின்னதா ஒரு போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். எடிட்டிங் பண்ற சிஸ்டம் எட்டாவது ஜென் ஐ5, டெஸ்க்டாப். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்னு போச்சுன்னதும் மாத்திடலாம்னு முடிவு பண்ணி, பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடற போர்டு செட்டிங்) டிபிஎம்-ங்கற பாதுகாப்பு வசதிய ஆன் பண்ணிட்டு நேத்து ராத்திரி விண்டோஸ் 11 போட்டேன். இன்ஸ்டால் நல்லபடியா முடிஞ்சுது, நெட், பிரிண்டர் எல்லாம் வேலை செய்யுது, ஆனா திஸ் பிசி-ய திறந்தா என்னோட 2 டிபி ஹார்டுடிஸ்க் மட்டும் இல்ல. முன்னாடி ஈ டிரைவ்னு வரும். நாலு வருஷ வேலை அதுலதான், போன வாரம் எடுத்த ஒரு கல்யாணத்தோட ரா ஃபைல் (கேமரா எடுத்த அசல் ஃபைல்) மொத்தமும் அதுல, கேமரா கார்டை அடுத்த நாள் வளைகாப்புக்காக ஃபார்மட் பண்ணிட்டேன். ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தாச்சு. தெரிஞ்ச சர்வீஸ் ஆள் போன்லயே டிஸ்க் போயிருக்கும், ரெக்கவரிக்கு அனுப்பணும்னு சொல்றார். ராத்திரி தூக்கமே இல்ல. யாராவது வழி சொல்லுங்க.

கோவை_பிசி:
பயப்படாதீங்க பாஸ், டிரைவ் லெட்டர் விழாம போயிருக்கும், எனக்கும் இப்படி ஆச்சு. ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்க. கீழ் பாதியில டிஸ்க் 0, டிஸ்க் 1-னு வரிசையா பட்டை தெரியும், 2 டிபி டிஸ்க்னா 1863 ஜிபி-னு காட்டும். அதுல லெட்டர் இல்லாம நீல பட்டை இருந்தா ரைட் கிளிக் பண்ணி சேஞ்ச் டிரைவ் லெட்டர்ல ஒரு எழுத்து குடுத்தா போதும். ஆஃப்லைன்னு இருந்தா இடது பக்க பெட்டியில ரைட் கிளிக் பண்ணி ஆன்லைன் குடுங்க.

தாராசுரம்_ஸ்டுடியோ:
பாத்தேன் பாஸ். ரெண்டே டிஸ்க்தான் இருக்கு. ஒண்ணு 476 ஜிபி, இப்ப விண்டோஸ் இருக்கறது. இன்னொண்ணு பழைய 240 ஜிபி எஸ்எஸ்டி. 1863-னு எதுவுமே இல்ல. டிவைஸ் மேனேஜர்லயும் அந்த ரெண்டுதான். ஏதாவது ரெக்கவரி சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்ணி ஓட்டிப் பாக்கட்டுமா?

சால்டரிங்அயர்ன்:
தம்பி, வேணாம், ரெக்கவரி சாஃப்ட்வேர் எதையும் தொடாதீங்க. விண்டோஸ் கண்ணுக்கே தெரியாத டிஸ்க்கை அது எப்படி படிக்கும்? இன்னொண்ணும் மனசுல வச்சுக்கங்க, எப்பவாவது அந்த டிஸ்க் தெரிஞ்சு "இனிஷியலைஸ் டிஸ்க்"-னு ஒரு பெட்டி எழும்பினா கேன்சல்தான் அமுக்கணும், "ஃபார்மட் பண்ணணுமா"-ன்னு கேட்டாலும் கேன்சல்தான். டிஸ்க் காணாம போறதால போன டேட்டாவ விட பதட்டத்துல அந்த ஓகே-ய அமுக்கிப் போன டேட்டாதான் நான் ஜாஸ்தி பாத்திருக்கேன். இருபது வருஷமா இந்த வேலைதான் பண்றேன்.

இப்ப டிஸ்க் எந்த இடத்துல தொலைஞ்சுதுன்னு பாக்கணும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல இருந்து திஸ் பிசி-ல இல்லன்னா லெட்டர் கதை, மேல சொன்னது சரி. பயாஸ்ல இருந்து டிஸ்க் மேனேஜ்மென்ட்ல இல்லன்னா டிரைவர் சாஃப்ட்வேர், இல்லன்னா பயாஸ்ல சாட்டா மோட் (போர்டு டிஸ்க்கோட பேசற முறை) ஏஹெச்சிஐ-ல இருந்து ரெய்டுக்கோ அங்கேருந்து இங்கயோ மாறியிருக்கும். பயாஸ்லயே இல்லன்னா விண்டோஸை எத்தனை தடவை திருப்பிப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா பயாஸ் எழும்பி டிஸ்க்கை எண்ணுறப்ப விண்டோஸ் ஓடவே ஆரம்பிச்சிருக்காது.

அதனால சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டு, ஆன் பண்ணதும் டெலிட் கீ-ய தட்டிட்டே இருந்து பயாஸுக்குள்ள போங்க. சாட்டா போர்ட் (டிஸ்க் கேபிளை போர்டுல மாட்டற இடம்) வரிசையில எதெதுல என்ன இருக்குன்னு ஒரு போட்டோ எடுங்க. கேபினெட் பக்கவாட்டு மூடியக் கழட்டி, ஆன்ல இருக்கறப்ப அந்த ஹார்டுடிஸ்க் மேல விரல் வச்சுப் பாருங்க, சுத்துற அதிர்வு தெரியுதா, இல்ல டிக் டிக்னு தட்டுற சத்தம் வருதா. சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணிடுங்க. அப்புறம், விண்டோஸ் போட்டப்ப வேற என்னென்ன மாத்தினீங்கன்னு ஒண்ணு விடாம எழுதுங்க.

தாராசுரம்_ஸ்டுடியோ:
அண்ணே, ரொம்ப நன்றி. பாத்துட்டேன். சாட்டா 1-ல பழைய எஸ்எஸ்டி. சாட்டா 2-ல "நாட் பிரசென்ட்". சாட்டா 3-ல டிவிடி ரைட்டர். சாட்டா 4 காலி. ஹார்டுடிஸ்க் கேபிள் போறது சாட்டா 2-க்குத்தான், கழட்டி மாட்டியும் பாத்துட்டேன், வேற கேபிளும் போட்டுப் பாத்துட்டேன். டிஸ்க் சுத்துது, அதிர்வு நல்லா தெரியுது, தட்டுற சத்தம் இல்ல. மாத்தினதுன்னா டிபிஎம் ஆன் பண்ணது, பூட் மோடை (சிஸ்டம் எழும்பற முறை) யுஇஎஃப்ஐ-க்கு மாத்தினது, அவ்வளவுதான். ஆங், விண்டோஸ் 11-க்குன்னு புதுசா ஒரு 512 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி (கேபிள் இல்லாம சொருகற சின்ன அட்டை மாதிரி டிஸ்க்) வாங்கி போர்டுலயே சொருகினேன், பழைய எஸ்எஸ்டி-ல இடம் பத்தல.

சால்டரிங்அயர்ன்:
அந்தக் கடைசி வரிதான் தம்பி விஷயமே. உங்க டிஸ்க் சாகல, அது போற வழி அடைஞ்சிருக்கு.

போர்டுல இருக்கற சிப்செட்டுக்கு (போர்ட் எல்லாத்தையும் நடத்தற சிப்) டேட்டா போக இத்தனை லேன் (பாதை) தான்னு ஒரு கணக்கு இருக்கு. நிறைய போர்டுல எம்.2 ஸ்லாட்டும் ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே லேனைப் பங்கு போட்டுக்கும். ஸ்லாட் காலியா இருக்கற வரை போர்ட் வேலை செய்யும், ஸ்லாட்டுல சாட்டா வகை எம்.2 சொருகினா போர்டே அந்த லேனை ஸ்லாட்டுக்குத் திருப்பி விட்டுடும், போர்ட் செத்த மாதிரி ஆயிடும். எந்த எச்சரிக்கையும் வராது. போர்டு மேனுவல்ல ஒரு சின்ன அட்டவணையில மட்டும் எழுதியிருப்பான். சில போர்டுல என்விஎம்இ (எம்.2-ல இன்னொரு வகை, வேகம் ஜாஸ்தி) போட்டாலும் ஒண்ணு ரெண்டு போர்ட் போகும். உங்களுது எந்த வகைன்னு பாக்கணும்னா அந்த எஸ்எஸ்டி-யோட தங்கக் கலர் முனையப் பாருங்க, ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டுன்னா பெரும்பாலும் என்விஎம்இ.

சிஸ்டத்தை ஷட்டவுன் பண்ணி, பின்னாடி பவர் கார்டையும் பிடுங்கிடுங்க. பவர் பட்டனை அஞ்சாறு செகண்ட் அமுக்கிப் பிடிங்க, மிச்சக் கரண்டும் இறங்கிடும். அப்புறம் ஹார்டுடிஸ்க் டேட்டா கேபிளை சாட்டா 2-லேருந்து எடுத்து சாட்டா 4-ல மாட்டிட்டு பயாஸைப் பாருங்க.

தாராசுரம்_ஸ்டுடியோ:
அண்ணே வந்துடுச்சு!!! பயாஸ்ல சாட்டா 4-ல டிஸ்க் பேரு வந்ததும் கை நடுங்கிடுச்சு. நீங்க சொன்ன மாதிரியே எஸ்எஸ்டி முனையில ரெண்டு வெட்டு இருக்கு. விண்டோஸ்லயும் தெரியுது, போட்டோ திறந்து பாத்தேன், எல்லாம் இருக்கு. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

ஒரே ஒரு பிரச்சனை. இப்ப எஃப் டிரைவ்னு வருது. டிஸ்க்லயே இருக்கற லைட்ரூம் (போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்) கேட்டலாக்கை, அதாவது எடிட் எல்லாம் பதிஞ்சிருக்கற ஃபைலைத் திறந்தா ஒவ்வொரு ஃபோல்டர் மேலயும் கேள்விக்குறி, போட்டோ ஃபைல் கிடைக்கலன்னு சொல்லுது. நாலு வருஷ எடிட்டும் போயிடுச்சா? திரும்ப இம்போர்ட் பண்ணணுமா?

நெய்தல்:
இம்போர்ட் பண்ணிடாதீங்க சார், உங்க எடிட் எங்கயும் போகல. நானும் போட்டோகிராஃபர்தான். விண்டோஸ்ல லைட்ரூம் ஒவ்வொரு போட்டோ இருக்கற இடத்தையும் டிரைவ் லெட்டரோட சேத்து ஞாபகம் வச்சுக்கும், ஈ-ல தேடுது, நீங்க எஃப்-ல வச்சிருக்கீங்க. லைட்ரூமை மூடிட்டு டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்க. ஈ-ங்கற எழுத்தை இப்ப டிவிடி ரைட்டர் பிடிச்சு வச்சிருக்கும், முதல்ல அதை இசட் ஆக்குங்க. அப்புறம் ஹார்டுடிஸ்க்கை எஃப்-லேருந்து ஈ-க்கு மாத்துங்க. லைட்ரூம் திறந்தா கேள்விக்குறி எல்லாம் தானா மறைஞ்சிடும்.

மலைக்கோட்டை_லேப்டாப்:
இதே மாதிரி தேடி வர்றவங்களுக்காக ஒண்ணு சேக்கறேன். லேப்டாப்ல, முக்கியமா பதினோராவது ஜென் இன்டெல்லுலயும் அதுக்கு அப்புறம் வந்ததுலயும், புதுசா விண்டோஸ் போடறப்ப எந்த டிரைவ்ல போடணும்னு கேக்குற பக்கமே காலியா வரும். அங்கயும் டிஸ்க் போகல, பயாஸ்ல விஎம்டி-ன்னு இன்டெல்லோட ஒரு ஸ்டோரேஜ் செட்டிங் ஆன்ல இருக்கும். லேப்டாப் கம்பெனி சைட்லேருந்து ஸ்டோரேஜ் டிரைவரை பென்டிரைவ்ல பிரிச்சு வச்சு, அந்தப் பக்கத்துலயே லோட் டிரைவர் குடுத்தா டிஸ்க் வந்துடும். ஏற்கனவே விண்டோஸ் ஓடிட்டிருக்கற மெஷின்ல மட்டும் விஎம்டி-ய ஆஃப் பண்ணாதீங்க, பூட் ஆகாம ப்ளூ ஸ்கிரீன் வரும். அப்படி ஆயிட்டா திரும்ப ஆன் பண்ணுங்க. டிரைவ் மேல பூட்டு படம் இருந்தா அது பிட்லாக்கர் (விண்டோஸ் டிரைவைப் பூட்டி வைக்கற வசதி), அதைத் திறக்கற 48 இலக்க கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கான்னு பாருங்க.

சால்டரிங்அயர்ன்:
தம்பி, லெட்டர் மாத்தினதும் அடுத்த வேலை, இன்னைக்கே அந்த கல்யாண ஃபோல்டரை வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க, பழைய 240-ல இடம் இருந்தா அதுலயாவது. போட்டோ ரெண்டு இடத்துல காப்பி ஆகி முடியற வரைக்கும் கேமரா கார்டை இனிமே அழிக்காதீங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ-ங்கற சாஃப்ட்வேர் போட்டு டிஸ்க்கோட ஹெல்த்தையும் பாத்துடுங்க, பெண்டிங் செக்டார் (படிக்க முடியாம சந்தேகத்துல இருக்கற இடம்), ரீஅலகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாத்தின இடம்) ரெண்டுலயும் ரா வேல்யூ பூஜ்யமா இருந்தா நிம்மதி.

தாராசுரம்_ஸ்டுடியோ:
ரெண்டும் பூஜ்யம் அண்ணே. நெய்தல் சார், டிவிடி-ய இசட் ஆக்கி டிஸ்க்குக்கு ஈ குடுத்தேன், லைட்ரூம்ல ஒரு கேள்விக்குறி இல்ல. கல்யாண ஃபோல்டர் 118 ஜிபி, காப்பி ஓடிட்டிருக்கு, 70 சதவீதம் ஆயிடுச்சு. முடிஞ்சதும் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒண்ணு வாங்க கும்பகோணம் கிளம்பறேன். சாட்டா 2 போர்ட்ல சின்னதா டேப் ஒட்டி "எம்.2 இருக்கு, மாட்டாதே"-ன்னு எழுதி வச்சிருக்கேன்.