56 வயதில் முதல் ஹைராக்ஸ்: வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி?

நெடுவழி:

வணக்கம். எனக்கு வயது 56. பல வருடமாக ஓடுகிறேன், 10 கிலோமீட்டர் நிதானமாக ஓடினால் பெரிதாக மூச்சு வாங்காது. ஜிம்முக்கும் போகிறேன், ஆனால் போட்டி என்று எதிலும் இறங்கியதில்லை. இப்போது ஹைராக்ஸ் செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு கிலோமீட்டர் ஓட்டம், உடனே ஒரு பயிற்சி, மறுபடி ஓட்டம், மறுபடி வேறொரு பயிற்சி என்று எட்டுச் சுற்று. ஸ்லெட் (எடை ஏற்றிய சறுக்குவண்டி) தள்ளுவது, இழுப்பது, பர்பி (தரையில் படுத்து எழுவது) போட்டுத் தாவுவது, ரோயிங் (துடுப்பு போடும் இயந்திரம்) எல்லாம் முடிந்து கடைசியில் வால் பால், அதாவது கனமான பந்தோடு குந்தி எழுந்து சுவரில் உள்ள இலக்கில் எறிவது.

பிரச்சினை என்னவென்றால், கோச் கொடுத்திருக்கும் அட்டவணை வாரத்தில் ஆறு நாள், ஆறும் கடுமை. அவருக்கு 28 வயது, உடன் செய்பவர்களும் முப்பதைத் தாண்டாதவர்கள். திங்கட்கிழமை போட்ட ஸ்குவாட்டின் (எடையோடு குந்தி எழுவது) வலி எனக்குப் புதன் மாலைதான் உச்சத்துக்கு வருகிறது, வியாழன் காலை மறுபடி பாரை முதுகில் ஏற்றச் சொல்கிறார்கள். நாளைக் குறைத்தால் பின்தங்கிவிடுவேனோ என்று பயம், இப்படியே போனால் முழங்கால் போய்விடுமோ என்றும் பயம். பிபிக்கு மாத்திரை எடுக்கிறேன், அதனால் ஏதாவது சிக்கல் உண்டா?

வீட்டில் "இந்த வயசுல யாருக்கு நிரூபிக்கணும்?" என்கிறார்கள். யாருக்கும் இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. ஏதோ முடித்தோம் என்று இல்லாமல் என் வயதுப் பிரிவில் நன்றாக வர வேண்டும். போட்டிகளில் நிற்கும் மூத்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளிமுடி:

தம்பி, எனக்கு 61. பவர்லிஃப்டிங்கில் ஆரம்பித்து இப்போது இந்தப் பக்கம் வந்திருக்கிறேன். முதலில் அந்த ஆறு நாள் அட்டவணையை மடித்து வையுங்கள். நம் வயதில் பயிற்சி செய்யும் திறன் குறைவதைவிட, செய்த பயிற்சியிலிருந்து மீண்டு வரும் வேகம்தான் முதலில் குறைகிறது. உங்களால் திங்களும் செவ்வாயும் அடுத்தடுத்து கடுமையாகச் செய்துவிட முடியும், அதில்தான் ஏமாந்து போகிறோம். செவ்வாய் செய்தது உடம்பில் ஒட்டாமலே போய்விடும்.

நான் சொல்வது வாரத்தில் இரண்டே கடுமையான நாள், தெம்பாக இருக்கும் வாரத்தில் மூன்று. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது 48 மணி நேரம், உங்கள் வலி புதனில் உச்சம் என்றால் 72 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நாட்களில் சும்மா உட்காரச் சொல்லவில்லை. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓட்டம், சைக்கிள், ரோயிங். கனடாவின் எட் விட்லாக் 2004இல் தன் 73ஆவது வயதில் மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 நொடியில் ஓடினார். அவருடைய பயிற்சியில் பெரும்பங்கு மெதுவான நீண்ட ஓட்டம்தான். ஹைராக்ஸில் மொத்தம் எட்டு கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது, பாதிப் போட்டி அங்கேதான். ஓட்டக்காரரான உங்களுக்கு அது பெரிய சொத்து, அதை விட்டுவிட்டு எடை தூக்குவதிலேயே நேரத்தைக் கொட்டாதீர்கள்.

அப்புறம் புரதம். வயதாக ஆக அதே அளவு புரதத்துக்குத் தசை மந்தமாகத்தான் பதில் கொடுக்கும். இவ்வளவு பயிற்சி செய்கிறவர் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம், அதையும் ஒரே வேளையில் அடைக்காமல் பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

இளவட்டக்கல்:

அக்கா சொன்ன இடைவெளி சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு எடையையே தொடாமல் ஓடிக்கொண்டிருக்கப் போகிறார் என்று எனக்குக் கவலை, ஓட்டக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். சார், உங்கள் நுரையீரல் தாங்கும், ஸ்லெட்டில் கால்தான் கைவிடும். வயதில் தசை பலம் குறைகிறது, அதைவிட வேகமாக வெடித்துக் கிளம்பும் சக்தி குறைகிறது. இரண்டையும் தக்கவைக்கக் கனமாகத் தூக்கியே ஆக வேண்டும், ஒரு செட்டுக்கு ஐந்து முறையாக, ஒவ்வொரு செட்டிலும் இன்னும் ஓரிரண்டு முறை தூக்கத் தெம்பு மிச்சம் இருக்கும்போதே வைத்துவிட வேண்டும்.

"இந்த வயசுல தசை வளராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1990இலேயே தொண்ணூறு வயதை ஒட்டிய, உடல் தளர்ந்த முதியவர்களை எட்டு வாரம் கனமான கால் பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். அவர்கள் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் சின்னப் பையன்.

ஸ்லெட்டுக்கு ஒரே ஒரு விஷயம்: கையை நீட்டி நிமிர்ந்து தள்ளாதீர்கள். முழங்கையை மடக்கித் தோளைக் கம்பத்தோடு சேர்த்து, சின்னச் சின்ன அடியாக, நிற்காமல் போங்கள். நின்றுவிட்டால் மறுபடி அதை அசைப்பதுதான் தொடையைத் தின்கிறது.

எலும்பும் தசையும்:

பிசியோவாக என் பங்குக்கு. முழங்காலைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், மூத்தவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும்தான். ஓடி வந்த காலோடு பர்பி தாவல், அதன் மேல் மறுபடி ஓட்டம், மொத்த அடியும் அங்கே இறங்குகிறது. தசை சில வாரத்தில் பலமாகிவிடும், தசைநாருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் இன்றிலிருந்தே குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கும் பயிற்சி, முழங்காலை நீட்டியும் மடக்கியும், கையில் எடையோடு. தாவுவதைக் கடைசி மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஜிம்மில் பாக்ஸ் ஜம்ப் கொடுத்தால் ஏறும்போது தாவுங்கள், இறங்கும்போது கால் வைத்து இறங்குங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் தசைநாரைப் பலவீனமாக்கலாம், அறுந்துபோகவும் வாய்ப்புண்டு. 60 தாண்டியவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். காய்ச்சலோ தொற்றோ என்று போகும்போது "நான் ஓட்டம், தாவல் எல்லாம் செய்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பிபி மாத்திரை என்ன வகை என்று எழுதவில்லை. பீட்டா பிளாக்கர் என்றால் இதயத்துடிப்பை அது அமுக்கி வைக்கும், வாட்ச் காட்டும் இதயத்துடிப்பு மண்டலங்கள் உங்களுக்குப் பொருந்தாது. பேச முடிகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்து ஓடுங்கள். நீர் பிரியவைக்கும் மருந்து கலந்த மாத்திரை என்றால் இரண்டு கவனம்: வெப்பத்தில் உடம்பில் நீர் சீக்கிரம் வற்றும். இன்னொன்று, அந்த வகை மருந்துகள் வாடாவின் (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) தடைப்பட்டியலில் இருக்கின்றன, ஊக்கமருந்து சோதனை உள்ள போட்டி என்றால் மருத்துவ விலக்கு வாங்க வேண்டியிருக்கும். நீங்களாக மாத்திரையை நிறுத்தவே கூடாது. இசிஜியும், டிரெட்மில்லில் ஓடவைத்து எடுக்கும் சோதனையும் தேவையா என்று இதய டாக்டரிடம் கேட்டுவிட்டு, கடுமையான பயிற்சியைத் தொடங்குங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அன்று அதோடு நிறுத்தி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கோட்டோரம்:

போட்டிகளில் நடுவராக நிற்கிறேன். முதல் முறை வரும் மூத்தவர்கள் தோற்பது பலத்தால் இல்லை, செல்லாமல் போகும் எண்ணிக்கையால். வால் பாலில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும், பந்து இலக்கைத் தொட வேண்டும். லஞ்சஸில் (ஒரு காலை முன்வைத்து முட்டி மடக்கி நடப்பது) பின்கால் முட்டி ஒவ்வொரு முறையும் தரையைத் தொட வேண்டும். களைத்தபின் இடுப்பு இறங்காது, 100 வால் பால் உங்களுக்கு 130 ஆகிவிடும். பயிற்சியிலேயே பின்னால் ஒரு தாழ்வான பெட்டியை வைத்து, உட்காரும் இடம் அதைத் தொடும்வரை இறங்கிப் பழகுங்கள், அதுவும் ஓடி முடித்த கையோடு.

வயதுப் பிரிவு ஹைராக்ஸில் ஐந்தைந்து ஆண்டாக இருக்கும். வேறு விளையாட்டுக்கும் போவதாக இருந்தால் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். சர்வதேச பவர்லிஃப்டிங்கில் அந்த ஆண்டு 40 ஆகிறது என்றால் ஜனவரி 1 முதலே மாஸ்டர்ஸ் (மூத்தோர் பிரிவு), மூத்தோர் தடகளத்தில் போட்டி நாளில் உள்ள வயதுதான் கணக்கு. பிரிவுக்குள் புதிதாக நுழையும் ஆண்டுதான் உங்களுக்குச் சாதகமான ஆண்டு.

நெடுவழி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மாத்திரைச் சீட்டைப் பார்த்தேன், நீர் பிரியும் மருந்து கலந்ததுதான், டாக்டரிடம் பேசுகிறேன். கோச்சிடமும் சொல்லிவிட்டேன், இரண்டு கடுமையான நாள் என்று மாற்றித் தருகிறார். ஒரு சந்தேகம்: முதலில் டபுள்ஸில் (இருவர் சேர்ந்து) போய்ப் பார்ப்பது நல்லதா, நேராகத் தனியாகவா?

வெள்ளிமுடி:

டபுள்ஸ் போங்கள். எட்டு கிலோமீட்டரும் இருவருமே ஓட வேண்டும், பயிற்சிகளை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஓட்டக்காரருக்கு வாகான அமைப்பு. ஸ்லெட்டில் உங்களைவிடக் கனமான ஆளாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனிப் போட்டியை அடுத்த பருவத்துக்கு வையுங்கள்.