கோத்தகிரி பக்கம், ரெண்டு நாய், விடாத மழை: பின்பக்கம் பூரா சிமெண்ட் போட்டுடலாமா?

சரிவுவீட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கங்க. திருப்பூர்ல இருந்து கோத்தகிரிக்கு கீழ ஒரு சின்ன வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. வீட்டுக்கு பின்னாடி படிப்படியா வெட்டின நிலம், மேல்படியில நாங்க கொஞ்சம் ரோஜாவும் பீன்ஸும் வச்சிருக்கோம், கீழ்படி சும்மா கெடக்கு, அதுக்கும் கீழ பக்கத்து வீட்டு அண்ணனோட பூண்டுத் தோட்டம், இடதுபக்கம் ரொம்ப வருஷமா கவாத்து பண்ணாத தேயிலை ஆள் உயரத்துக்கு நிக்குது. நாய் ரெண்டு. ஒண்ணு நாலு வயசு லேப், பேரு பப்பு. இன்னொண்ணு இங்க ரோட்டுல கெடைச்ச எட்டு மாச குட்டி, கறுப்பி.

ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து பின்பக்கம் சேறு மட்டும்தான். கக்கா அள்ளலாம்னு போனா சேறு எது அது எதுன்னே தெரியல, நாத்தம் வேற, நானும் தெனமும் ரெண்டு மூடி பினாயில் ஊத்தி பைப் அடிச்சு விட்டுட்டே இருந்தேன், போன வாரம் கீழ இருக்கற அண்ணன் வந்து "தம்பி, உங்க நாய்த் தண்ணி பூரா என் பூண்டுலதான் எறங்குது"ன்னு சொல்லிட்டாரு. கோவமா கூட சொல்லல, அதான் ரொம்ப கஷ்டமா போச்சு. கொத்தனார் மொத்தமா சிமெண்ட் போட்டுடலாம்னு சொல்றாரு. போட்டுடலாமா? கக்காவ பீன்ஸுக்கு உரமா போடலாமா, மாட்டுச்சாணி மாதிரிதானே? உண்ணி வேற காதுக்குள்ள கொத்துக்கொத்தா இருக்கு. ராத்திரி ரெண்டையும் பின்னாடிதான் கட்டறோம், அஞ்சடி காம்பவுண்டு இருக்கு.

கறுப்பி இன்னிக்கு காலைல ரெண்டு தடவ வாந்தி எடுத்தா, புல்லு தின்னிருப்பான்னு விட்டுட்டேன். இது கேள்வி இல்ல, சும்மா சொன்னேன்.

குன்னூர்வாசி:

சிமெண்ட் பூரா போடாதீங்க. நான் போட்டு பட்டவன். மலையில நிலம் தண்ணிய குடிக்கணும், நீங்க மூடி வச்சா அது ஒரே எடத்துல சேந்து தடுப்புச்சுவத்துமேல போய் நிக்கும். சுவத்துல வரிசையா ஓட்டை விட்டிருப்பாங்க பாருங்க, தண்ணி வடியறதுக்கு, கொத்தனாருங்க பாக்க அசிங்கமா இருக்குன்னு அதையும் பூசி விட்டுடுவாங்க, அப்புறம் சுவரே வயிறு தள்ளும். எனக்கு தள்ளுச்சு. அதுவும் போக நம்ம குளிருக்கும் ஈரத்துக்கும் சிமெண்ட்ல ரெண்டே மாசத்துல பச்சையா பாசி புடிச்சுடும், நாய் ஓடி வந்து திரும்பும்போது பின்னங்கால் அப்படியே வழுக்கும், லேப்புக்கெல்லாம் இடுப்பே வீக்கு.

நான் இப்ப வச்சிருக்கறது இதுதான். கதவுல இருந்து ஒரு மூணடி அகலத்துக்கு மட்டும் கல்லு பதிச்ச பாதை. ஒரு ஓரமா எட்டுக்கு எட்டு எடத்துல சேத்த வழிச்சுட்டு சின்ன ஜல்லி, அதுமேல எம் சாண்ட். காலைல மொத வேலையா கயித்துல புடிச்சு அங்கயே கொண்டுபோய் நிறுத்துவேன், பதினஞ்சு நாள்ல பழகிடுச்சு. மத்த எடத்துல கிக்கியு புல்லு. ஊட்டில எங்க பாத்தாலும் இருக்கே, அதேதான், நாய் மூத்திரத்துல மஞ்சளா கருகினாலும் திரும்ப வந்துடும். கருகறது அதுல இருக்கற நைட்ரஜன் ஜாஸ்தியானதால, போன ஒடனே ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா கருகாது.

கக்கா மாட்டுச்சாணி மாதிரி கெடையாதுங்க. மாடு புல்லு திங்குது. நாய்க் கக்காவுல உருண்டப்புழு முட்டை இருந்துச்சுன்னா மண்ணுல வருஷக்கணக்கா கெடக்கும், அந்த பீன்ஸ சரியா கழுவாம குழந்தைங்க வாயில வச்சா அவங்க வயித்துக்கு போகும். கொக்கிப்புழு அதவிட மோசம், ஈர மண்ணுல செருப்பில்லாம நடந்தா தோல் வழியாவே ஏறும். காய்க்கு வேண்டவே வேண்டாம். மூணடி குழி எடுத்து மூடி போட்டு, ஒவ்வொரு தடவையும் மேல ஒரு கை சாம்பலோ மண்ணோ போடுங்க, மூடி கனமா இருக்கட்டும், இல்லன்னா காட்டுப்பன்னி கெளறிடும். தடுப்புச்சுவத்து ஓரமா குழி எடுக்காதீங்க. கீழ ஊத்து இருக்கான்னும் கேட்டுக்கோங்க, இங்க பாதி வீடு ஊத்துத்தண்ணிதான் குடிக்குது.

பைப் அடிக்கறத நிறுத்துங்க மொதல்ல. அள்ளாம தண்ணி அடிச்சா அழுக்கு போகல, கீழ்வீட்டுக்கு குடிமாறுது அவ்வளவுதான்.

எதிர்மலை அக்கா:

எல்லாரும் சேத்த பத்தி பேசறீங்க, "ராத்திரி பின்னாடி கட்டறோம்"னு அவரு எழுதினத யாரும் பாக்கலையா?

தம்பி, மூணு வருஷம் முன்னாடி, மார்கழி மாசம், மணி ஏழேகால் இருக்கும். கரண்ட் இல்ல. எங்க டாமி வராண்டா கம்பத்துல கட்டியிருந்தான். நான் சமையல்கட்டுல மெழுகுவத்தி தேடிட்டு இருந்தேன், சங்கிலி ஒரே ஒரு தடவ இழுபட்ட சத்தம், கொரைக்கக்கூட இல்ல, சரி நாய் திரும்பி படுக்குதுன்னு நெனச்சேன். கரண்ட் வந்து வெளிய போனா சங்கிலியும் பட்டையும் கெடக்கு. பட்டை அறுபடல, கொக்கி போட்டபடியே இருக்கு. அதுலருந்து அவன அப்படியே உருவி எடுத்துட்டு போயிருக்கு. இருவது அடி தள்ளி எங்க வீட்டுக்காரரு உக்காந்து ரேடியோ கேட்டுட்டு இருந்தாரு.

சிறுத்தைக்கு அஞ்சடி காம்பவுண்டு ஒரு படிக்கட்டு. எட்டடி இருந்தாலும் தாண்டும். கட்டிப்போட்ட நாய் அதுக்கு எலப்போட்டு வச்ச சோறு. பொழுது சாயறதுக்கு முன்னாடி ரெண்டையும் உள்ள கொண்டு வந்துருங்க, ராத்திரி ஒண்ணுக்கு போகணும்னா டார்ச்சோட நீங்களும் கூட போங்க, மொதல்ல நாலாபக்கமும் வெளிச்சம் அடிச்சு பாத்துட்டு. உள்ள எடம் இல்லன்னா கூண்டு கட்டுங்க, கோழி வலை பத்தாது, வெல்டு மெஷ், அதான் பத்த வச்ச கெட்டிக் கம்பி வலை, மேலயும் மூடணும், கீழ ஒன்றரை அடி மண்ணுக்குள்ள எறங்கணும். அந்த தேயிலைக்காரங்கள கெஞ்சியாவது உங்க வேலி ஓரம் பத்தடி கவாத்து பண்ண சொல்லுங்க. அதுக்குள்ளதான் பகல்ல படுத்திருக்கும்.

சாப்பாட்டுத் தட்ட வெளிய விடாதீங்க. கோயில்ல பூந்து வெளக்கு எண்ணெயவே கரடி குடிச்சுட்டு போற ஊரு இது, நீங்க கருவாட்டுச் சோறு வச்சா விடுமா. மிச்சச் சோத்துக்கு எலி வரும், பன்னி வரும், நாய் கொரைக்கும், கொரைக்கற சத்தத்துக்கு சிறுத்தை வரும்.

இன்னொண்ணு, யாராச்சும் வேலியில கரண்ட் விடலாம்னு ஐடியா குடுப்பாங்க. கேக்காதீங்க. சிறுத்தை 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல மொதல் அட்டவணை, அதாவது ரொம்ப கடுமையா பாதுகாக்கற பட்டியல், செத்தா ஜெயிலுதான், அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுப் புள்ள தொட்டுடும்.

ஃபாக்ஸி ஊட்டி:

நாய்னா காவலுக்குதானே வளக்கறோம், உள்ள கம்பளில படுக்க வச்சா காவல் யாரு பாப்பா? எங்க தாத்தா காலத்துல எல்லாம் வெளியதான் கெடக்கும்.

எதிர்மலை அக்கா:

உங்க தாத்தா எத்தன நாய் வளத்தாருன்னு கேட்டு பாருங்க. ஒண்ணு போனா ஒண்ணு. அது காவல் இல்ல, தீவனம். உள்ள இருந்தாலும் கொரைக்கும், கதவு என்ன வாய்ப்பூட்டா?

முன்னாள் கம்பவுண்டர்:

கால்நடை மருந்தகத்துல பல வருஷம் இருந்தவன், இப்ப வீட்டுல பேரன்கிட்ட சொல்லி டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிக்கணும்.

பினாயில் வாசனைக்குதான். நாயோட பாதத்துல ஒட்டி, அது நக்கி, வயித்துக்கு போறதுதான் மிச்சம். குட்டிங்களுக்கு வாந்தியும் ரத்தபேதியும் வர வைக்கற பார்வோ கிருமிய பினாயில் ஒண்ணும் பண்ணாது. குட்டி இருக்கற வீடுங்கறதால சொல்றேன், நெழலும் ஈரமுமா இருக்கற மண்ணுல பார்வோ மாசக்கணக்குல உசுரோட இருக்கும், வெயில் படாத நம்ம ஊருக்கு கேக்கவே வேண்டாம். கல்லு, சிமெண்ட் பகுதிக்கு பிளீச்சிங் பவுடர், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், மொதல்ல அழுக்க நல்லா தேச்சு எடுத்துட்டு ஊத்தி பத்து நிமிஷம் விட்டு கழுவணும், நாய் அது வரைக்கும் உள்ள. மண்ணுல ஊத்தி பிரயோஜனம் இல்ல, அங்க வெயில் படற மாதிரி செடிய வெட்டி விடறதுதான் வைத்தியம். பிளீச்சிங்கோட ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ சேத்துடாதீங்க, வர்ற புகை நெஞ்ச அடைக்கும்.

உண்ணி பத்தி. நாய்மேல இருக்கறத மட்டும் புடுங்கி பிரயோஜனம் இல்லீங்க. குடிச்சு ஊதுன பொம்பள உண்ணி கீழ விழுந்து, சுவத்து இடுக்குல ஏறி, ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டு சாகும். மேல ஒருத்தர் சொன்னாரே தடுப்புச்சுவத்து ஓட்டை, கல்லு இடுக்கு, அங்க டார்ச் அடிச்சு பாருங்க, பழுப்பா மொளகு மாதிரி இருக்கும். அங்கதான் மருந்து அடிக்கணும், காயற வரைக்கும் நாயும் பூனையும் கிட்ட வரக்கூடாது. நாய்க்கு மாத்திரை இருக்கு, ஒண்ணு போட்டா மூணு மாசம் தாங்கும், எடை பாத்து டாக்டர்தான் குடுக்கணும். சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, மூத்திரம் காப்பி கலர்ல வந்தா உண்ணிக்காய்ச்சல், அன்னிக்கே ஓடணும்.

எலியும் பன்னியும் வர்ற எடங்கறதால எலிக்காய்ச்சல் ஊசி வருஷா வருஷம் போடுங்க, தேங்கின தண்ணில வர்றது, நாய்கிட்ட இருந்து நமக்கும் வரும். வெறிநாய் ஊசிய பத்தி சொல்லவே வேண்டாம். 1907லயே வெறிநாய்க்கடி வைத்தியத்துக்குன்னு பாஸ்டர் நிலையம் குன்னூர்ல வந்துடுச்சு, அந்த மலையிலயே இருந்துட்டு ஊசி போடாம நாய் வளக்கறவங்கள பாத்தா எனக்கு இன்னும் ஆத்திரம் வருது.

இப்ப முக்கியமான விஷயம், கடைசில சொல்றேன்னு நெனைக்காதீங்க. ரோஜா வச்சிருக்கேன்னீங்க. என்ன உரம் போடறீங்க? நம்ம ஊர்ல ரோஜாவுக்கு வேப்பம்புண்ணாக்கோட எலும்புத்தூளும் ஆமணக்குப் புண்ணாக்கும் கலந்து வைப்பாங்க. எலும்புத்தூள் வாசனைக்கு நாய் தோண்டி திங்கும். ஆமணக்குல இருக்கற ரிசின் கடும் விஷம். ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுகூட வாந்தி, ரத்தத்தோட பேதின்னு ஆரம்பிக்கும், முறிவு மருந்து கெடையாது, ட்ரிப்ஸ் ஏத்தி காப்பாத்தறதுதான். உங்க குட்டி காலைல வாந்தி எடுத்துச்சுன்னு போட்டிருக்கீங்க. அது கேள்வி இல்லன்னு வேற எழுதியிருக்கீங்க. அதுதாங்க கேள்வி. நத்தைக்கு போடற குருணை மருந்து, வேலியோரம் மணி மாதிரி தலைகீழா தொங்குமே அந்த பெரிய வெள்ளை ஊமத்தம்பூ, அரளி, இதெல்லாமும் பாருங்க. ஆனா மொதல்ல உர மூட்டைய பாருங்க.

சரிவுவீட்டுக்காரன்:

பாத்தேன் சார். ஷெட்டுல மூட்டை இருக்கு, தோட்ட வேலைக்கு வர்ற அண்ணன் போன வாரம் வாங்கிட்டு வந்தது, ஃபோன் பண்ணி கேட்டேன், ஆமணக்கு கலந்ததுதானாம். கீழ் மூலை கிழிஞ்சிருக்கு. எலியான்னு பாத்தேன், எலி இவ்வளவு பெருசா கிழிக்காது, சுத்தி ஈரமா நக்குன மாதிரி இருக்கு. ரோஜா பாத்தில ரெண்டு எடத்துல தோண்டியும் இருக்கு. சாயங்காலத்துல இருந்து பேதி. ரத்தமான்னு செல்ஃபோன் வெளிச்சத்துல சரியா தெரியல. கெளம்பறேன்.

முன்னாள் கம்பவுண்டர்:

மூட்டைல ஒட்டியிருக்கற லேபிள கிழிச்சு கைல எடுத்துட்டு போங்க. பால், எண்ணெய் எதுவும் குடுக்காதீங்க. எவ்வளவு தின்னுச்சு, எப்ப, வாந்தி எத்தன தடவ, அது மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுங்க போதும்.

எதிர்மலை அக்கா:

பப்புவ உள்ள விட்டு கதவ சாத்திட்டு போப்பா.

சரிவுவீட்டுக்காரன்:

நாலு நாள் ஆச்சு, எழுத முடியல, மன்னிக்கணும். ராத்திரி டாக்டர எழுப்பி ட்ரிப்ஸ் போட்டோம், மூணு நாள் காலைலயும் சாயங்காலமும் கொண்டு போய் கொண்டு வந்தேன். நேத்து மதியம் கஞ்சி ரெண்டு வாய் குடிச்சா. இன்னிக்கு வால ஆட்டறா, எந்திரிச்சு நிக்க மட்டும் தள்ளாடறா. ரத்தம் டெஸ்ட் இன்னொரு தடவ எடுக்கணும்னாரு.

மூட்டைய கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வெறும் மாட்டெரு சொல்லியிருக்கேன். பாத்தில போட்டிருந்தத மண்ணோட வழிச்சு எடுத்தாச்சு. கொத்தனார்கிட்ட சிமெண்ட் வேண்டாம், ஒரு ஓரம் ஜல்லி மட்டும் போதும்னேன், மூஞ்சி சுருங்கிடுச்சு. சுவத்து ஓட்டைல டார்ச் அடிச்சேன் சார், நீங்க சொன்ன மாதிரியே மொளகு கொட்டி வச்ச மாதிரி இருக்கு, ஒடம்பே கூசிடுச்சு.

கீழ்வீட்டு அண்ணன் நேத்து கறுப்பிய பாக்க வந்தாரு. தேயிலைக்காரங்க அவரு சொந்தக்காரங்களாம், கவாத்து விஷயம் அவரே பேசறேன்னுட்டாரு. போகும்போது ரெண்டு கொத்து பூண்டு குடுத்தாரு, வாங்கி வச்சுட்டேன், ஆனா நாய்க்கு பூண்டும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே, அது நெசமா?

முன்னாள் கம்பவுண்டர்:

நெசம்தான். வெங்காயமும் ஆகாது. ரசத்துல நீங்க போட்டுக்கோங்க.