முதுமலை வழியாகச் செல்லும் சாலையின் எண் 67-ஆ, 181-ஆ? அங்குள்ள பலகைகளை வைப்பது யார்?

தண்டையார்பேட்டைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் ஊட்டியில் தங்கிவிட்டு, அங்கிருந்து கூடலூர், தொரப்பள்ளி, தெப்பக்காடு வழியாக மைசூருக்குக் காரில் செல்ல எண்ணியிருக்கிறோம். வீட்டிலுள்ள பழைய சாலை வரைபடத்தில், நாகப்பட்டினத்தில் தொடங்கித் தஞ்சாவூர், திருச்சி, கரூர், கோவை, ஊட்டி எனக் குண்டல்பேட்டை வரைக்கும் ஒரே கோடாக 67 என்று அச்சிட்டிருக்கிறார்கள். கைப்பேசி வரைபடமோ அதில் முதுமலைக் காட்டுப் பகுதியை 181 என்று காட்டுகிறது. 67 என்று தேடினால் நெல்லூர்ப் பக்கம் கிருஷ்ணப்பட்டினம் துறைமுகத்தில் கொண்டுபோய் விடுகிறது. எண் ஏன் மாறியது? அதோடு, இரவு 9 மணிக்கு மேல் அனுமதி இல்லை என்று பலரும் சொல்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை ஒன்றை இரவில் மூடும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? வழியில் எந்தப் பலகையைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்?

பெரம்பூர் ரயிலடி எழுதியது:

எண்ணைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 2010-ல் மத்திய அரசு நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்களை அறிவித்தது. நம் வடசென்னை ஜி.என்.டி. சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள்: மூலக்கடை, மாதவரம், செங்குன்றம் என்று ஆந்திரத்தை நோக்கிப் போகும் அந்தச் சாலையை 5 என்றே நாம் அறிந்திருந்தோம், இப்போது அது 16. புதிய முறையில் வடக்கு தெற்காகச் செல்லும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். அது கிழக்கிலிருந்து மேற்கே போகப்போகக் கூடும். அதனால்தான் கிழக்குக் கடலோரச் சாலை 16 என்றும், நடுவே காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு வருவது 44 என்றும், மேற்குக் கடலோரத்துச் சாலை 66 என்றும் அமைந்தன. கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை எண். அது வடக்கிலிருந்து தெற்கே வரவரக் கூடும்.

மூன்று இலக்க எண் என்றால் அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச் சாலையைக் குறிக்கும். கோவையிலிருந்து திருச்சி வழியாகச் சிதம்பரம் செல்வது 81. அதன் கிளையாகக் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் வழியாகக் குண்டல்பேட்டை சேர்வது 181. அங்கே அது கோழிக்கோட்டிலிருந்து வயநாடு வழியாக வரும் 766-உடன் சேர்கிறது. முன்னர் 212 என்றிருந்த அச்சாலை இப்போது 66-இன் கிளை. பழைய முறையில் கிளைகளுக்கு 45ஏ, 45பி என்று எழுத்தைச் சேர்த்தார்கள். எண்ணைப் பார்த்து எந்தத் திசையென்று சொல்ல முடியாது. காலியான 67 என்ற எண்ணைக் கர்நாடகத்திலிருந்து கிருஷ்ணப்பட்டினம் வரும் வேறொரு சாலைக்குத் தந்துவிட்டார்கள். உங்கள் கைப்பேசி சரியாகத்தான் காட்டியிருக்கிறது.

மாதவரம் லாரிப்பேட்டை எழுதியது:

எண் எதுவாயினும் கவலையில்லை. அந்தச் சாலையில் கவனிக்க வேண்டியது கடிகாரத்தைத்தான். முதுமலை 1940-லேயே சரணாலயமானது. அதன் ஒரு பகுதி 1990-ல் தேசியப் பூங்காவாகவும், பின்னர் 2007-ல் முதுமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. கக்கநல்லா சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர். அது 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோதே அதில் சேர்ந்த காடு. ஆக, சாலை காட்டின் ஓரமாகப் போகவில்லை, இரண்டு காப்பகங்களை ஊடறுத்துப் போகிறது.

சாலை மத்திய அரசின் பட்டியலில் இருந்தாலும், பொதுப் பாதுகாப்புக்காக வாகனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்தவர்களுக்கும் தருகிறது. இரவில் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் இறந்ததால், 2009-ல் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் பந்திப்பூர்ச் சாலைகளை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியது. வயநாட்டிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. 2010-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. 2019-ல் பகலிலும் மூடலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் எழுந்தபோது வயநாட்டின் சுல்தான் பத்தேரியில் பெரும் போராட்டம் நடந்தது நினைவிருக்கலாம். முதுமலைப் பக்கமும் அதே நேரத்தில் அடைப்பார்கள். 8.45-க்குத் தொரப்பள்ளிக்குப் போய் நின்று, சாவடியில் வாதாடுவதில் பயனில்லை.

நம் மணலி, மாதவரம் ஓட்டுநர்கள் சத்தியமங்கலம் காட்டிலுள்ள திம்பம் மலைவழியையும் அறிந்திருப்பார்கள். பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் அந்தச் சாலை முன்னர் 209, இப்போது 948. அங்கே 2022 பிப்ரவரி முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி கனரக வாகனங்களுக்கு மாலை 6 மணியிலிருந்தே தடை என்பதால், சரக்கு ஏற்றும்போதே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காசிமேட்டுக் காற்று எழுதியது:

பலகைகளைப் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. அந்தச் சாலையில் இரு துறைகளின் பலகைகள் அடுத்தடுத்து நிற்பதால் புதியவர் குழம்புவது இயல்பு. நெடுஞ்சாலைத் துறையினர் வைப்பவை சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி அமைந்தவை: சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை, சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடை அல்லது கட்டுப்பாடு, நீலப் பலகை தகவல், பச்சையில் வெள்ளை எழுத்து ஊரும் தொலைவும். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாயிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாயிருந்தால் மாநில நெடுஞ்சாலை.

வனத்துறை வைப்பவை வேறு வகை. யானை படமும், வண்டியை நிறுத்தாதீர், இறங்காதீர், உணவளிக்காதீர், ஒலிப்பானை அழுத்தாதீர் என்ற வரிகளும் தமிழிலும் ஆங்கிலத்திலும், எல்லை தாண்டினால் கன்னடத்திலும் இருக்கும். அவற்றில் சில ஒரு பத்தி அளவுக்கு நீளமானவை. ஓடும் வண்டியிலிருந்து முழுவதும் படிக்க இயலாது, படிப்பதற்காக நிறுத்தினால் நிறுத்தியதே குற்றமாகிவிடும். சொற்களைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆனாலும் அலட்சியம் வேண்டாம். காட்டுக்குள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்போருக்கு வனத்துறையினர் அபராதம் விதிக்கிறார்கள். பந்திப்பூர்ப் பகுதியில் வேகத்தடைகளும் நிறைய உண்டு. எச்சரிக்கைப் பலகையைத் தவறவிட்டாலும் அவை உங்களைத் தவறவிடா.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுச் சாலை தொலைவில் குறைவு என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். சரிவு மிகக் கடுமை, வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடும் உண்டு. கூடலூர் வழியே போங்கள். நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் முறையும் வந்திருப்பதால், புறப்படுவதற்கு முன் இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள். ஊட்டியில் பகல் உணவை முடித்ததும் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே குண்டல்பேட்டையை அடைந்துவிடலாம்.