பதினாறாம் நாளுக்குப் பிறகு நாம் செய்ய வேண்டியவை

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

மேலத்தெரு வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்றாவது இறப்பு நேர்ந்துவிட்ட செய்தி அனைவருக்கும் எட்டியிருக்கும். முதலில் பெரியவர், பிறகு மூத்த மகன், இப்போது மகள். மிஞ்சியிருப்பவர்கள் அத்தையும், மருமகளும், பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரனும், ஷார்ஜாவில் இருக்கும் நம் ஊர்க் குழு உறுப்பினரான இளைய மகனும்தான். வழக்கம்போல் மாலைக்கும் பதாகைக்கும் பணம் திரட்டலாமா என்று செயலாளர் கேட்டிருக்கிறார். இம்முறை அது வேண்டாம் என்பது என் கருத்து.

மூத்த மகன் இறந்தபோது பேருந்து நிறுத்தத்தில் நாம் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகை, மேல்மலை மழையில் பாதி வெளுத்து, ஒரு பக்கக் கயிறு அறுந்து, இன்னும் அங்கேயே தொங்குகிறது. கொடைக்கானலுக்குப் பேருந்து ஏற வரும் அத்தை ஒவ்வொரு முறையும் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கிறது. ஊரில் இருக்கும் தம்பிமார் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதை இறக்கிவிட வேண்டும்.

கேத வீட்டைத் தனியே விடும் ஊர் அல்ல நம் ஊர். அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு வந்துவிடும். பந்தலும் விறகும் கேட்காமலே சேர்ந்துவிடும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும்போது அழ முடியாதவரும் அழுதுவிடுவார். இதற்கு நிகரான ஓர் ஏற்பாட்டை நான் வெளிநாட்டில் பார்த்ததில்லை. ஆயினும் கருமாதியோடு கலைந்துவிடும் இந்த ஏற்பாடு ஒரு சாவைத் தாங்குவதற்கென்று அமைந்தது; ஒன்றின் துக்கம் ஆறுவதற்குள் அடுத்தது வரும்போது அது தடுமாறுகிறது. இரண்டாவது கேதத்துக்குக் கூட்டம் குறைந்தது; மூன்றாவதற்கு வந்த பலர் வாசலோடு திரும்பிவிட்டதாக மருமகள் தொலைபேசியில் சொன்னார். அன்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியாத தயக்கம் பாதி, ‘அந்த வீட்டுக்கு ஏதோ ஆகவில்லை’ என்ற பேச்சு பாதி. மகன் இறந்த நட்சத்திரம் அடைப்பு என்று சொல்லி ஓர் அறையை ஆறு மாதம் பூட்டி வைத்தார்கள். அந்த நம்பிக்கையோடு நான் வழக்காட வரவில்லை. அறை பூட்டியே இருக்கட்டும். திண்ணையில் போய் உட்கார எந்தச் சாத்திரமும் தடை சொல்லவில்லை.

அத்தை மகளுக்காக அழவில்லை, மரத்துப்போய்விட்டார் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அடுத்தடுத்து இழந்தவர்கள் அப்படி இருப்பதில் வியப்பில்லை, அதை நோய் என்று உடனே சொல்லவும் கூடாது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும், அவரவர் சமூக வழக்கத்தையும் மீறி, துக்கம் அன்றாட வாழ்வை முடக்கிப்போட்டால் மட்டுமே அதைத் தனிக் கோளாறாகக் கருதுகிறது 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு. ஆனால் உறக்கமும் உணவும் குறைந்திருப்பதாக மருமகள் சொல்வதைக் கேட்டுவிட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்ணை அழுத்திக் கொடுத்தால்தான் அத்தை பேசுவார்.

அடுத்தது, தூரத்தில் இருக்கும் நம்மால் நன்றாகவே செய்யக்கூடிய வேலை. இறப்பை அது நிகழ்ந்த இடத்தில்தான் பதிய வேண்டும் என்பதால் மகளின் பதிவு தேனியில். 21 நாட்களுக்குள் என்றால் கட்டணம் இல்லை. மூத்த மகனின் சான்றிதழில் தலைப்பெழுத்து ஆதாரோடு ஒத்துப்போகாமல் வாரிசுச் சான்று தள்ளிப்போய், அதனால் மருமகளின் விதவை உதவித்தொகை விண்ணப்பமும் நின்றுபோயிருக்கிறது. மேல்மலையிலிருந்து தேனிக்குப் போய்த் திரும்ப ஒரு முழு நாள் போய்விடும். தேனியில் வசிக்கும் நம் உறுப்பினர்கள் எழுத்துப்பிழை இல்லாமல் பதிவாகிறதா என்று இப்போதே நேரில் பார்த்துவிட்டால், சான்றிதழை நாமே இணையத்தில் எடுத்து அனுப்பிவிடலாம்.

பூண்டும் அறுவடைக்கு நிற்கிறது. பிடுங்கி, தாளோடு கட்டி, புகையில் தொங்கவிட அந்த வீட்டில் ஆள் இல்லை. மலைப்பூண்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தும், தனியாக இருக்கும் பெண்களிடம் வியாபாரிகள் குறைத்துத்தான் விலை பேசுகிறார்கள். ஆகவே வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டையோடு ஓர் ஆண்பிள்ளையும் போக வேண்டும்.

ஷார்ஜாத் தம்பியைப் பற்றி யாரும் எழுதவில்லை. அண்ணனின் தகனத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போனவர் அவர். அங்கே அவரிடம் துட்டி கேட்க வருவார் இல்லை. அழைத்தவர்கள் எல்லாரும் ‘எப்படி ஆச்சு?’ என்றே கேட்டதால் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்று ஒரு முறை வருத்தப்பட்டார். துபாயிலும் ஷார்ஜாவிலும் இருப்பவர்கள் விடுமுறை நாளில் அவர் அறைக்கே சாப்பாடு கொண்டுபோய் உடன் உண்ண வேண்டும். அடுத்த மாதமும் போக வேண்டும்.

தேனிக்கு யார், பூண்டு பிடுங்க யார், ஷார்ஜாவுக்கு யார் என்று வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர்களை எழுதுங்கள். பணம் மட்டுமே தர இயலும் என்பவர்கள் அறுவடை ஆட்களின் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்ளலாம்.

அன்புடன்,
கீழத்தெரு உறுப்பினர், சிங்கப்பூர்